ஏரிக்கரையிலிருந்து வந்த மாத்திரை

இரவுச் சட்டையோடு ஒருவர் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். உரக்கப் பாடிக்கொண்டே வந்தார். சுவிட்சர்லாந்தின் வடகிழக்கு ஓரம், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையின் உள்நோயாளி அவர். 1950களின் நடுப்பகுதி. ஊர்க்காரர்கள் மிரண்டுபோனார்கள். அப்போது கைகி என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் பிராட்ஹர்ஸ்ட் பல வருடங்கள் கழித்துச் சொன்ன சம்பவம் இது. அந்த நோயாளியை அமைதிப்படுத்துவதற்காகக் கொடுத்துப் பார்த்த மருந்துக்கு அன்று பெயர்கூட இல்லை. ஓர் எழுத்தும் ஐந்து இலக்கமும்தான் அதன் அடையாளம்: ஜி 22355.

பிற்பாடு அதற்கு இமிப்ரமின் என்று பெயர் வைத்தார்கள். கடைக்கு வந்தபோது டோஃப்ரானில். இன்று உலகமெங்கும் மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பாட்டன். பிறந்த வீட்டில் இந்த மருந்து தன் நல்ல குணத்தைக் காட்டுவதற்கு முன்பே மற்ற குணத்தைக் காட்டிவிட்டது. சைக்கிளில் பாடிக்கொண்டு போனவர்தான் அதன் முதல் சாட்சி. அந்தச் சாட்சியைக் காது கொடுத்துக் கேட்க மருத்துவ உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. எங்கள் வீட்டுக்கும் கேட்காமல் போனதால், இதைப் பற்றி எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கைகி 1758இல் பாசல் நகரத்தில் தொடங்கிய வணிகம். வெகுகாலம் அதன் சோறு சாயத்தில்தான். நம் ஊர்க் கிராமங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் அதன் சரக்கு தெரியும். டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்த பால் முல்லர் கைகியின் ஆள்தான். அதற்காக 1948இல் நோபல் பரிசு பெற்றார். 1953இல் இந்தியாவில் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து சுவரெல்லாம் மருந்தடித்துவிட்டுப் போனவர்களை எங்கள் பாட்டி தலைமுறை மறக்கவில்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு அலமாரியில் வேறொரு பொருள் தூங்கிக்கொண்டிருந்தது. இமினோடைபென்சைல் என்ற அந்த மூலப்பொருளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மன் வேதியியலாளர்கள் தயாரித்துவிட்டார்கள். உடம்புக்கு அது என்ன செய்யும் என்று ஐம்பது வருடம் யாரும் பார்க்கவில்லை. 1940களின் முடிவில் கைகியின் ஹாஃப்லிகரும் ஷிண்ட்லரும் அதை எடுத்துத் தூசி தட்டி, அதிலிருந்து 42 புதிய சேர்மங்களைச் செய்தார்கள். தூக்க மருந்தாகவோ ஒவ்வாமைக்கோ எதாவது தேறுமா என்பதுதான் அவர்கள் கணக்கு.

1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் வந்தது. வருடக்கணக்கில் கத்திக்கொண்டும் சுவரோடு பேசிக்கொண்டும் இருந்த நோயாளிகள் அமைதியானார்கள். மனநல மருத்துவமனைகளின் சத்தமே மாறியது என்பார்கள். மூன்ஸ்டர்லிங்கனில் இருந்த ரோலண்ட் கூன் என்ற மருத்துவருக்கும் அந்த மருந்து வேண்டியிருந்தது. விலை கட்டுப்படியாகவில்லை. கைகியிடம் போய், உங்களிடம் இதைப் போல ஒன்று இருக்குமே என்று கேட்டார். பழைய 42இல் ஒன்று குளோர்ப்ரோமசினின் பங்காளி மாதிரியே இருந்தது. மூன்று வளையங்கள், பக்கத்தில் அதே வால். குளோர்ப்ரோமசினின் நடு வளையத்தில் கந்தகம் இருக்கும் இடத்தில் இதற்கு இரண்டு கார்பன் அணுக்கள். குளோரினும் இல்லை. தாளில் வரைந்து பார்த்தால் வேறுபாடு அவ்வளவுதான். உள்ளே போனால் ஒன்று ஆளை அடக்கிவைக்கிறது, மற்றது எழுப்பிவிடுகிறது.

மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தேறவில்லை. குளோர்ப்ரோமசினில் அடங்கியிருந்தவர்களில் சிலர் நிலைகொள்ளாமல் ஆனார்கள். சிலர் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் ஏறிவிட்டார்கள். சைக்கிள்காரர் அவர்களில் ஒருவர். தோற்ற மருந்து என்று மூட்டை கட்டி வைத்திருக்க வேண்டியது. ஆனால் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது: இவர்களை இப்படித் தூக்கிவிடுகிறதென்றால், எழுந்திருக்கவே முடியாமல் படுத்துக் கிடப்பவர்களுக்கு? அந்த யோசனை யாருடையது என்று பின்னாளில் கூனுக்கும் கைகிக்காரர்களுக்கும் இடையே பெரிய சர்ச்சையே நடந்தது. அது அவர்கள் பாடு.

1956 ஜனவரியில், கடுமையான மனச்சோர்வில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கூன் ஜி 22355ஐக் கொடுத்தார். சில நாளில் அவர் முகம் மாறிவிட்டது. அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்த்ததைக் கூன் எழுதிய விதம் எனக்குப் பிடிக்கும். அளவுகோல் எதுவும் வைத்து அவர் அளக்கவில்லை. காலையில் யாரும் எழுப்பாமல் தாங்களே எழுந்தார்கள், குரல் பெரிதானது, முகத்தில் களை வந்தது, கடிதம் எழுத ஆரம்பித்தார்கள் என்று எழுதினார். படுக்கையோரம் உட்கார்ந்து பார்த்தவர் எழுத்து அது. 1957 ஆகஸ்டில் ஒரு சுவிஸ் மருத்துவ இதழில் 40 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. செப்டம்பரில் ஜூரிக்கில் நடந்த உலக மனநல மாநாட்டில் அதையே வாசித்தார். கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர். 1958 மே மாதம் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் மருத்துவமனையில் பேசியபோது, 500க்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த அனுபவம் அவரிடம் இருந்தது.

அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்ஸ்டர்லிங்கன் இருக்கும் துர்காவ் மாநிலத்தின் அரசே வரலாற்று ஆய்வாளர்களை நியமித்துப் பழைய கோப்புகளைத் திறக்க வைத்தது. 2019இல் முடிவு வந்தது. பல பத்தாண்டுகளில் குறைந்தது 67 மருந்துப் பொருள்களை மூன்ஸ்டர்லிங்கனில் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் நோயாளிகளுக்கு விவரம் சொல்லப்படவில்லை. இன்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும், பெயர் தெரியாத அந்த ஏரிக்கரை மனிதர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

1957 என்ற வருடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதே வருடம் கிழக்கு பெர்லினில் கார்ல் லியோன்ஹார்ட் ஒரு புத்தகம் வெளியிட்டார். சோர்வு மட்டும் வந்து போகிறவர்களும், சோர்வும் மேனியா என்ற அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிறவர்களும் ஒரே நோய் உள்ளவர்கள் அல்ல என்று அதில் வாதாடினார். இருமுனை, ஒருமுனை என்ற பிரிவு அங்கிருந்துதான் வருகிறது. 1966இல் ஜூரிக்கில் ஜூல்ஸ் ஆங்க்ஸ்டும் ஸ்வீடனில் கார்லோ பெர்ரிஸும் தனித்தனியே நோயாளிக் குடும்பங்களை ஆராய்ந்து அதை நிலைநாட்டினார்கள். மருந்து முன்னால் ஓடியது. அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பிரித்துச் சொல்லும் அறிவு பின்னால் நடந்து வந்தது. இடைப்பட்ட வருடங்களில் மனச்சோர்வு என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாத்திரையை வாங்கிப் போனார்கள்.

மாத்திரை கடல் தாண்டியது. உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் குழு காட்டியது. ஒரு நரம்பு முனை வெளியே விட்ட நோரட்ரீனலினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், இமிப்ரமின் அதைத் தடுக்கிறது. ஆக்ஸல்ராட் 1970இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தடத்தில் நடந்துதான் பிறகு செரட்டோனினை மட்டும் குறிவைத்த ஃப்ளூஆக்ஸெடின் போன்றவை வந்தன. இமிப்ரமினுக்கு வேறு வேலைகளும் கிடைத்தன. டொனால்ட் க்ளைன் அதைத் திடீர்ப் பீதிக்குக் கொடுத்துப் பார்த்தார். படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்கும் எழுதினார்கள், நம் ஊரிலும் எழுதினார்கள். கைகி 1970இல் சீபாவோடு சேர்ந்தது, 1996இல் சாண்டோஸோடு சேர்ந்து நோவார்டிஸ் ஆனது. அதற்குள் இமிப்ரமின் பல கைகளால் தயாராகி, மலிவாகி, சின்ன ஊர் மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரிவரை வந்துவிட்டது.

அந்த அலமாரியிலிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் பெரியப்பாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆறு மாதமாகத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்பார். டவுனில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். எத்தனை நாளாக இப்படி, தூக்கம் எப்படி, சாகத் தோன்றுகிறதா என்றெல்லாம் அவர் பொறுமையாகத்தான் கேட்டார். மாத்திரை எழுதினார். மூன்றாவது வாரம் பெரியப்பா எழுந்து குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். பெரியம்மா கோயிலில் மாவிளக்கு போட்டார். ஐந்தாவது வாரம் அவர் தூங்கவே இல்லை. இரவெல்லாம் கணக்கு எழுதினார். நிலத்தை அடகு வைத்து இரண்டு லாரி வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். சந்தைத் தெருவில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காசு கொடுத்தார். தடுத்த தம்பியை, என் அப்பாவை, அடித்தார். கடைசியில், எம்ஜிஆர் தன்னை நேரில் வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னார். எம்ஜிஆர் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

"நல்லாத்தானே ஆயிட்டு வந்தாரு" என்று பெரியம்மா திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. இதில் அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெரிந்ததை ஒழுங்காகச் செய்தார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கான ஆதாரம் அப்போதே சேர்ந்துகொண்டிருந்தது. 1979இல் அமெரிக்காவில் வேரும் குட்வினும், இருமுனை நோய் உள்ள சிலருக்கு இமிப்ரமின் வகை மருந்துகள் சுழற்சியையே வேகப்படுத்துவதை எழுதினார்கள். ஏறுவதும் இறங்குவதும் வருடத்துக்கு ஒரு முறை என்பது போய் மாதக்கணக்கில் மாறி மாறி வந்தது. 1984இல் ராபர்ட் ப்ரீன் குழு வெளியிட்ட பெரிய ஆய்வில் இருமுனை நோயாளிகள் 117 பேர். லித்தியம் பெற்றவர்களையும் லித்தியத்தோடு இமிப்ரமின் பெற்றவர்களையும்விட, இமிப்ரமினை மட்டும் பெற்றவர்களை மேனியா அதிகம் பிடித்தது. 1994இல் மால்கம் பீட் பழைய பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்தார். இருமுனை நோயாளிகளில் இமிப்ரமின் குடும்ப மருந்துகளில் 11.2 சதவீதம் பேர் மேனியாவுக்குத் தாவினார்கள், செரட்டோனின் மருந்துகளில் 3.7 சதவீதம், வெற்று மாத்திரையில் 4.2 சதவீதம். நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ஆங்க்ஸ்டே 1985இல், ஜூரிக் மருத்துவமனையின் 1920 முதல் 1982 வரையிலான பதிவேடுகளைப் புரட்டி, மருந்துகள் வந்த பிறகு தாவல் கூடியதாகத் தெரியவில்லை என்றார். நோயே தானாகத் தாவும் குணமுள்ளது. ஒருவர் மேலே ஏறும்போது, மாத்திரை ஏற்றியதா நோய் ஏற்றியதா என்று தனி ஆளை வைத்துச் சொல்வது கடினம். பெரியப்பாவை ஏற்றியது எது என்று எனக்கும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆனாலும் வழி தெளிவாகிக்கொண்டே வந்தது. 2014இல் ஸ்வீடனின் நாடு தழுவிய பதிவேடுகளை வைத்து வந்த ஆய்வு எனக்கு முக்கியமானது. இருமுனை நோயுள்ளவர் மனச்சோர்வு மருந்தைத் தனியாக எடுத்தால் மேனியா வரும் அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கியோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்த ஏற்றம் தெரியவில்லை. பந்தல் காலை ஊன்றிவிட்டுக் கொடியை ஏற்று என்பதுதான் இதன் பொருள். சர்வதேச இருமுனை நோய்ச் சங்கத்தின் குழு 2013இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதையே: முழு மேனியா வந்தவருக்குத் தனி மனச்சோர்வு மருந்து கூடாது. சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் இமிப்ரமின் வகையும் வென்லாஃபாக்சின் வகையும் கடைசியில் வரட்டும். செரட்டோனின் மருந்துகளும் புப்ரோபியானும் ஒப்பிடும்போது சாதுவானவை.

சாது என்பதால் பலன் உண்டு என்று ஆகிவிடாது. 2007இல் அமெரிக்காவில் 366 பேரிடம் நடந்த ஆய்வு பலரை வாயடைக்கச் செய்தது. சீராக்கியோடு பராக்செடினோ புப்ரோபியானோ சேர்த்தவர்களில் 23.5 சதவீதம் நிலையாகக் குணமானார்கள். வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 சதவீதம். தாவலும் கூடவில்லை, நலமும் கூடவில்லை. அதனால்தான் இன்று இருமுனைச் சோர்வோடு வருகிறவருக்கு, அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் முதலில் வேறு பக்கம் கையை நீட்டுகிறார். லித்தியம், லமோட்ரிஜின், க்வெடியாபின், லுராசிடோன், ஃப்ளூஆக்ஸெடினோடு ஒலான்சபின். இவற்றிலும் சிக்கல்கள் உண்டு. ஒன்றில் எடை ஏறும். லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும். லமோட்ரிஜினை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும், அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம்.

மனப்பிறழ்வோடு வரும் சோர்வு இன்னொரு கிளை. "நான் செத்துப்போய்விட்டேன், என் குடல் அழுகிவிட்டது" என்று உறுதியாக நம்புகிறவர்களுக்கு இமிப்ரமின் மட்டும் கொடுத்தால் பலன் சொற்பம் என்று 1975இலேயே அலெக்சாண்டர் க்ளாஸ்மன் குழு எழுதியது. 1985இல் ஸ்பைக்கர் குழு இமிப்ரமினின் தம்பியான அமிட்ரிப்டிலினை வைத்துச் சோதித்தது. தனியாகக் கொடுத்தபோது 41 சதவீதம் பேர் தேறினார்கள். மனப்பிறழ்வு மருந்தான பெர்ஃபெனசினை மட்டும் கொடுத்தபோது 19. இரண்டையும் சேர்த்தபோது 78. இங்கேயும் துணையில்லாமல் அந்த மாத்திரையை அனுப்பக் கூடாது என்பதே பாடம். மின்அதிர்வுச் சிகிச்சை இவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. சினிமா அதைத் தண்டனையாகக் காட்டிக் காட்டி, தேவைப்படும் குடும்பங்களையும் பயமுறுத்தி வைத்திருப்பது எனக்கு வேதனை.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையை நாளைக் காலை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதும் ஆளைக் கவிழ்க்கும். செய்ய வேண்டியது, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போவது. மேனியாவின் நாட்கள் அதற்குள் இருந்தவருக்கு நோயாகத் தெரியாது, வாழ்க்கையின் நல்ல நாட்களாகத் தெரியும். சோர்வில் கிடக்கும்போது அவருக்கு அது நினைவிலும் வராது. பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பெரியப்பாவை மதுரையில் வேறொரு மருத்துவரிடம் சேர்த்தோம். அவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், அந்தப் பழைய மாத்திரையை நிறுத்தினார், பெரியம்மாவை உட்காரச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம, ஆனா களைப்பே தெரியாம இருந்திருக்காராம்மா? வாலிபத்துல?"

பெரியம்மா இல்லை என்று தலையாட்டினார். அப்படியெல்லாம் ஒரு நோயும் வந்ததில்லை, திடகாத்திரமான மனுஷன் என்றார். மருத்துவர் விடவில்லை. ராத்திரி பகலாக எதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு? கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து?

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் யாராவது சொல்வார்கள், நாங்கள் வாய் பிளந்து கேட்போம். பெரியப்பாவுக்கு இருபத்தாறு வயதில், பஞ்ச காலத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பத்தொன்பது நாள் கண் மூடாமல் நின்று கிணறு வெட்டிய கதை. ஆட்கள் மாறி மாறி ஓய்ந்துபோனார்கள், அவர் ஓயவில்லை. பெரியம்மாவின் நகையெல்லாம் அந்தக் குழிக்குள் போனது. வெட்டி முடித்த பிறகு நாலு மாதம் படுத்துக் கிடந்தாராம். உழைத்த களைப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வீரக் கதையாகவே அதை வளர்த்தோம்.

பெரியம்மா கொஞ்ச நேரம் தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கிணறு வெட்டுனாரே… அதைக் கேக்கிறீங்களா?"

மருத்துவர் பேனாவைத் திறந்தார்.